ரெட்டா, க்ரீனா? நியூ மெக்சிகோவின் சின்ன உணவகத்தில் நண்பரோடு சாப்பிட ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் பக்கம் வருகிறேன் என்று யாராவது சொன்னால், தனியாக வருகிறீர்களா, கூட யாராவது உண்டா என்றுதான் முதலில் கேட்பேன். இந்த ஊர்ச் சாப்பாட்டை இரண்டு பேராகப் போய்ச் சாப்பிட வேண்டும். தனியாகப் போனால் பாதி ருசிதான் தெரியும், எட்டுப் பேர் கூட்டமாகப் போனால் அவரவர் தட்டோடு கதை முடிந்துவிடும். ஒரு சின்ன மேசை, ஒருவர் தட்டில் சிவப்பு மிளகாய்க் குழம்பு, எதிரே இருப்பவர் தட்டில் பச்சை மிளகாய்க் குழம்பு, இரண்டு தட்டுக்கும் நடுவே கை போய் வந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படிச் சாப்பிட்டால்தான் இந்தச் சமையல் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம்.

கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஹூஸ்டனில் இருக்கிறான். டெக்சாஸில் பல வருடம் சாப்பிட்டுப் பழகியவன், இங்கே வந்த முதல் நாள், "இதுவும் அதே மெக்சிகன் தானேடா, பார்த்ததுதான்" என்றான். அவனை அழைத்துப் போன அந்த இரவையும், அதற்கு முன்னும் பின்னும் பலரோடு போய் வந்ததில் கற்றுக்கொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், ஊர் சுற்ற வருபவர்கள், லாஸ் அலமோஸ், அல்புகர்க்கி பக்கம் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் என்று யாருக்கும் பயன்படும்.

முதலில், இது என்ன சாப்பாடு?

இதைத் தெரிந்துகொண்டு போனால் மெனு அட்டை பாதி புரிந்துவிடும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான புவெப்லோ மக்கள் சோளம், பீன்ஸ், பூசணி வகைகளை நூற்றாண்டுகளாகப் பயிரிட்டு வந்தவர்கள். இன்றும் நியூ மெக்சிகோவில் 19 புவெப்லோக்கள் இருக்கின்றன. சோளம் என்றால் நம் ஊர் மக்காச்சோளம்தான், ஆனால் வெள்ளை, மஞ்சள், நீலம் என்று பல நிறத்தில். 1598-இல் ஸ்பானியர்கள் குடியேறினார்கள், கோதுமையும் பன்றியும் ஆடும் பாலாடைக்கட்டியும் வந்தன. தெற்கே மெக்சிகோவிலிருந்து வந்த மிளகாய் இந்த மண்ணில் வேரூன்றியது. 1821-இல் மெக்சிகோ சுதந்திரம் அடைந்தபோது இது மெக்சிகோவின் பகுதி, மெக்சிகோ-அமெரிக்கப் போரை முடித்த 1848 ஒப்பந்தத்துக்குப் பிறகு அமெரிக்காவின் பகுதி, 1912-இல்தான் தனி மாநிலம். எல்லைக் கோடு மாறிக்கொண்டே இருந்தது, அடுப்பு மட்டும் அதே இடத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதனால்தான் இந்தச் சமையல் மெக்சிகோவிலும் இல்லை, டெக்சாஸிலும் இல்லை.

டெக்சாஸ் பாணியில் சீரகம் தூக்கலாக இருக்கும், மஞ்சள் சீஸ் உருகி வழியும், மாட்டிறைச்சிக் குழம்பு மேலே கிடக்கும். இங்கே எல்லாம் மிளகாயைச் சுற்றித்தான். சில்லி என்று இவர்கள் சொல்லும்போது சில்லி சாஸையோ நம் ஊர் சில்லி பரோட்டாவையோ நினைக்காதீர்கள். டெக்சாஸின் கொத்துக்கறிக் குழம்புக்கும் உச்சரிப்பு அதேதான், எழுதும்போது மட்டும் கடைசி எழுத்து மாறும், அதை இங்கே யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இங்கே சில்லி என்றால் மிளகாயும் அந்த மிளகாயில் செய்த குழம்பும். தொட்டுக்கொள்ள ஓரமாக வைப்பது கிடையாது, நாம் சோற்றின் மேல் குழம்பு ஊற்றுவதுபோல் தட்டு முழுக்க ஊற்றித்தான் கொண்டுவருவார்கள்.

மிளகாய் நமக்கும் வந்து சேர்ந்த பொருள்தான். போர்ச்சுக்கீசியர் கப்பலில் கொண்டுவந்து இறக்குவதற்கு முன் நம்மிடம் காரத்துக்கு மிளகுதான் இருந்தது, புதிதாக வந்த காய்க்கு அந்த மிளகையே வைத்து மிளகாய் என்று பெயர் சூட்டிக்கொண்டோம். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அந்தச் செடியை அதன் சொந்தக் கண்டத்திலேயே வேறு விதமாக ஆள்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு நெருக்கம் தோன்றும். நாம் மிளகாயைத் தாளிக்க, அரைக்க, தூவப் பயன்படுத்துகிறோம், இவர்கள் அதைக் காய்கறியாகவே சாப்பிடுகிறார்கள். 1965-இல் மாநிலக் காய்கறியாக பின்டோ பீன்ஸோடு மிளகாயையும் சேர்த்து அறிவித்தார்கள். 2023-இல் பச்சை மிளகாய் சுடும் வாசனையை மாநிலத்தின் அதிகாரபூர்வ வாசனையாகவும் ஆக்கிவிட்டார்கள்.

கடையைத் தேர்ந்தெடுப்பது

சின்ன, குடும்பம் நடத்துகிற இடமாகப் பாருங்கள். வைக்கோல் கலந்த களிமண் கல்லில் கட்டிய அடோபி வீடுகளைத்தான் பல இடங்களில் உணவகமாக மாற்றியிருப்பார்கள். சுவர் முழங்கை நீளம் தடிமன் இருக்கும், உள்ளே நுழைந்தால் வெளிச்சத்தம் அடங்கிவிடும், மேலே வீகா என்று சொல்லும் முழு மர உத்தரங்கள், மூலையில் வளைவாகக் கட்டிய கீவா கணப்பு. வாசலில் காய்ந்த சிவப்பு மிளகாயைச் சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அதற்குப் பெயர் ரீஸ்ட்ரா. நம் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே பிடித்துப்போகும்.

ஆனால் ரீஸ்ட்ரா அலங்காரத்துக்காகவும் தொங்கும், அதை மட்டும் நம்பாதீர்கள். நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். மேசையில் தேன் பாட்டில் இருக்கிறதா என்பது ஒன்று, ஏன் என்று பிறகு சொல்கிறேன். பரிமாற வருபவர் "ரெட் ஆர் க்ரீன்?" என்று தானாகக் கேட்கிறாரா என்பது இன்னொன்று. கேட்கவில்லை என்றால் அது வேறு வகைச் சாப்பாடு போடும் கடை.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு மூன்று இடம் சொல்வேன். சாண்டா ஃபேயில் 1953 முதல் நடக்கும் தி ஷெட், பழைய அரண்மனைத் தெருவில் 1692-ஆம் ஆண்டு வீடு ஒன்றின் முற்றத்துக்குள் இருக்கிறது. சாண்டா ஃபேக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், யாத்திரை போகிற மண் தேவாலயம் இருக்கும் சிமயோ ஊரில், 1965-இல் தொடங்கிய ராஞ்சோ டே சிமயோ. அல்புகர்க்கியில் 1963 முதல் இருக்கும் மேரி அண்ட் டீட்டோஸ், சிவப்பு மிளகாய்க் குழம்புக்கென்றே பெயர் வாங்கிய எளிமையான இடம். மூன்றுமே ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் அமெரிக்கப் பாரம்பரிய உணவக விருது பெற்றவை. இவற்றில் இடம் கிடைக்கவில்லையே என்று வருந்தவும் வேண்டாம், தெருவுக்குத் தெரு இதே போன்ற பெயர் தெரியாத கடைகள் உண்டு, நான் திரும்பத் திரும்பப் போவது அவற்றுக்குத்தான்.

கிளம்புவதற்கு முன் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பக் கடைகள் பல மதியத்தோடு மூடிவிடும், சில ஞாயிறு திங்கள் திறக்கவே திறக்காது.

எப்போது போவது

ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தெற்கே ஹேட்ச் பள்ளத்தாக்கிலிருந்து பச்சை மிளகாய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கடைகளின் வண்டி நிறுத்தத்தில் கம்பி வலைப் பீப்பாயில் காயைக் கொட்டி, கீழே எரிவாயு நெருப்பைச் சீறவிட்டுச் சுழற்றுவார்கள். தோல் கருகி வெடித்து, தீப்பொறி போலத் துணுக்குகள் பறக்கும், வாசனை இரண்டு தெரு தாண்டி வரும். சுட்ட காயைச் சூட்டோடு பையில் கட்டி வைத்தால் வேர்த்துத் தோல் தானாகக் கழன்றுவிடும், அதை உறைய வைத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். நண்பரை உணவகத்துக்கு முன் அங்கே பத்து நிமிடம் நிறுத்திக் காட்டினால், பின்னால் தட்டில் வருவது என்னவென்று விளக்கத் தேவையே இருக்காது.

குளிர்காலத்துக்கு வேறு அழகு. பின்யோன் என்ற பைன் மரக் கட்டை எரியும் புகை மணம் ஊர் முழுக்க இருக்கும், கணப்பு மூட்டியிருப்பார்கள், போசோலே என்ற சூடான சோளக் குழம்புக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கலாம். நானும் நண்பனும் போனது டிசம்பரில்தான்.

ஒரு எச்சரிக்கை. சாண்டா ஃபே ஏறத்தாழ 7,200 அடி உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட ஊட்டி உயரம். அல்புகர்க்கியும் 5,000 அடிக்கு மேல். விமானத்தில் வந்து இறங்கிய அன்றே மூச்சு வாங்கும், தலை லேசாக வலிக்கும், காற்று வறட்சியில் தாகம் தெரியாமலே உடம்பு காயும். நண்பர் அன்றுதான் வந்தார் என்றால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க வையுங்கள், பெரிய விருந்தை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். கோடையிலும் இரவில் குளிரும், முற்றத்தில் உட்கார ஆசைப்பட்டால் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

உள்ளே போய் உட்காருவது

பெயர் சொல்லிவிட்டுக் காத்திருப்பது பல இடங்களில் வழக்கம். வாசலில் இருப்பவர்தான் இடம் காட்டுவார், காலியாக இருக்கிறதே என்று நாமாகப் போய் உட்காரக் கூடாது. இரண்டு பேர் என்பதால் சீக்கிரம் கிடைக்கும். சத்தம் குறைவான மூலையோ கணப்புக்குப் பக்கமோ வேண்டும் என்று கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், கேட்காவிட்டால் சமையலறைக் கதவுப் பக்கம் போய்ச் சேரும்.

உட்கார்ந்ததும் சிப்ஸும் சல்சாவும் தானாக வரும் என்று டெக்சாஸ் பழக்கத்தில் காத்திருந்தான் நண்பன். இங்கே பல இடங்களில் அதற்குத் தனிக் காசு. வாங்குவதானால் ஒன்றே ஒன்று வாங்குங்கள், வயிற்றை அதில் நிரப்பிக்கொள்ளாதீர்கள்.

குடிக்க என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கடைகள் பலவற்றுக்கு பீர், ஒயின் உரிமம் மட்டும்தான் இருக்கும், அங்கே மார்கரீட்டா என்று தருவது டெக்கீலாவில் செய்யாமல் கற்றாழை இனச் செடியின் ஒயினில் செய்ததாக இருக்கலாம். அது முக்கியம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள், வயதைக் காட்ட அடையாள அட்டையும் வேண்டும். இந்த உயரத்தில் ஒரு கோப்பையே கொஞ்சம் கூடுதலாக ஏறியதுபோல் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மற்றபடி ஐஸ் டீ, எலுமிச்சை ஜூஸ் போதும். ஓர்ச்சாட்டா என்று அரிசியில் பட்டை சேர்த்த இனிப்புப் பால் போன்ற பானம் இருந்தால் ஒன்று சொல்லிவிடுங்கள், காரத்துக்கு உதவும்.

அந்தக் கேள்வி

1990களில் மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வி என்றே சட்டமன்றம் ஏற்றுக்கொண்ட கேள்வி இது. ரெட்டா, க்ரீனா? இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம்.

இரண்டும் ஒரே செடியின் காய்தான். பச்சையாக இருக்கும்போது பறித்துச் சுட்டு, தோலுரித்து, நறுக்கிச் செய்வது க்ரீன். செடியிலேயே சிவக்க விட்டு, வெயிலில் காயவைத்து, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுவது ரெட். சுவையில் இரண்டும் தொடர்பே இல்லாத இரண்டு பொருள். க்ரீனில் சுட்ட கத்தரிக்காயில் வருமே, அந்தப் புகை மணம் முதலில் வரும், பின்னால் ஒரு கூர்மையான காரம், துண்டு துண்டாக வாயில் தட்டுப்படும். ரெட் வழுவழுவென்று இருக்கும். பூண்டு, உப்பு, சில சமயம் கொஞ்சம் ஓரிகானோ, அவ்வளவுதான் சேர்மானம். மண் வாசனையும் காய்ந்த பழத்தின் லேசான இனிப்பும் ஓரத்தில் ஒரு கசப்பும் உண்டு. காரம் உடனே தெரியாது, மூன்றாவது வாயில் தெரியும். காய்ந்த மிளகாயை நாம் எண்ணெயில் பொரித்தோ வறுத்து இடித்தோ பழகியவர்கள், அதையே ஊறவைத்து மற்ற மசாலா எதுவும் இல்லாமல் குழம்பாக்கினால் இவ்வளவு ஆழம் வரும் என்று எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

எது அதிகக் காரம்? இதற்கு நிலையான பதில் கிடையாது. விதை, நிலம், அந்த வருட வெயில், வந்த மூட்டை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். இந்த மாநில விவசாயக் கல்லூரியில் ஃபபியான் கார்சியா என்ற தோட்டக்கலை அறிஞர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காரமும் அளவும் ஒரே சீராக வரும் ரகங்களை உருவாக்கினார், இன்றைய நீள மிளகாய்கள் அந்த வழியில் வந்தவை. அப்படியும் வாரத்துக்கு வாரம் காரம் மாறும். அதனால் பரிமாறுபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இன்று எது காரம்?" என்பதுதான். கடையில் இருப்பவர்கள் யோசித்து நேர்மையாகச் சொல்வார்கள். முடிவெடுக்க முடியவில்லை என்றால் இரண்டையும் சின்னக் கிண்ணத்தில் ருசி பார்க்கத் தர முடியுமா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து யாரும் முகம் சுளித்ததில்லை.

இரண்டும் வேண்டும் என்றால் "கிறிஸ்மஸ்" என்று சொல்ல வேண்டும். தட்டின் ஒரு பாதிக்குச் சிவப்பு, மறு பாதிக்குப் பச்சை. ஜூன் மாதத்திலும் கிறிஸ்மஸ்தான். தனியாகப் போனால் அதையே சொல்லுங்கள். ஆனால் இரண்டு பேராகப் போகும்போது ஆளுக்கொன்றாகச் சொல்வதையே நான் விரும்புகிறேன். கிறிஸ்மஸில் நடுவில் இரண்டும் கலந்துபோய் பத்து நிமிடத்தில் எது எதுவென்று தெரியாமல் ஆகிவிடும். ஒருவர் முழு ரெட், ஒருவர் முழு க்ரீன் என்று எடுத்தால் ஒவ்வொன்றும் அதன் முழு உருவத்தில் கிடைக்கும். எச்சில் பார்க்கிறவர் கூட வந்திருந்தால் இரண்டு காலித் தட்டு கேட்டு முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

என்ன சொல்வது

அளவு பெரிது. ஒரு தட்டில் முக்கியப் பண்டத்தோடு பீன்ஸும், சோறு அல்லது போசோலேயும், சில இடங்களில் பூரி போன்ற சோப்பபீயாவும் சேர்ந்தே வரும். ஆளுக்கு ஒரு தட்டு, பொதுவில் ஒரு கிண்ணம், அது போதும்.

கறி சாப்பிடுபவர்கள் என்றால் நான் சொல்லும் சேர்க்கை இதுதான். ஒருவர் கார்னே அடோவாடா, அதாவது பன்றிக் கறியைச் சிவப்பு மிளகாய் விழுதில் ஊறவைத்து, கரண்டி பட்டாலே உதிரும் வரை மெதுவாக வேகவைத்தது. இன்னொருவர் நீலச் சோள என்சிலாடா, கோழியோ சீஸோ உள்ளே, மேலே க்ரீன். மற்ற ஊர்களில் என்சிலாடாவைச் சுருட்டித் தருவார்கள், இங்கே பழைய முறையில் நீலச் சோள ரொட்டியைத் தட்டையாக ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் சீஸும் வெங்காயமும் வைத்து, குழம்பை ஊற்றி, கேட்டால் உச்சியில் ஒரு முட்டையும் பொரித்து வைப்பார்கள். அந்த முட்டையை மறக்காமல் கேளுங்கள், மஞ்சள் கரு உடைந்து குழம்போடு கலக்கும்போது காரம் பதமாகிவிடும். ரொட்டி சாம்பல் கலந்த நீல நிறத்தில் இருக்கும், கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், சோளத்தின் நிறமே அதுதான்.

பொதுவில் வைக்கும் கிண்ணத்துக்குப் போசோலே அல்லது க்ரீன் சில்லி ஸ்டூ. போசோலே என்பது சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி, அது மலர்ந்து கொண்டைக்கடலையைவிடப் பெரிதாகும் வரை கொதிக்கவிட்டுக் கறியோடு சேர்த்தது. ஸ்டூ என்றால் கறி, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், நம் வீட்டு உருளைக்கிழங்குக் கறிக்குழம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

சைவம் சாப்பிடுபவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். இங்கே சைவம் நிறைய உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கறி இருக்கும். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது பழைய வழக்கம். மாவு ரொட்டியிலும் அதே கொழுப்பு சேரலாம். ரெட், க்ரீன் இரண்டிலுமே சில கடைகள் கறித் துண்டோ எலும்புச் சாறோ சேர்க்கும், பக்கத்துக் கடை அதே பண்டத்தைச் சுத்த சைவமாகச் செய்யும். ஒருமுறை என் அம்மாவை ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். பீன்ஸ் வெஜிடேரியனா என்று கேட்டேன், ஆமாம் என்றார்கள். பாதி சாப்பிட்ட பிறகுதான், கறித் துண்டு இல்லை, கொழுப்பு மட்டும் உண்டு என்று தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்று முதல் வெஜிடேரியனா என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டேன். பீன்ஸில் லார்ட் (பன்றிக் கொழுப்பு) இருக்கிறதா, ரெட்டில் கறி இருக்கிறதா, க்ரீனில் கறி இருக்கிறதா, சோறு கோழிச் சாற்றில் வெந்ததா, பொரிக்கும் எண்ணெய் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். நீங்களும் அப்படியே கேளுங்கள், இதில் கூச்சமே வேண்டாம்.

சைவத்துக்கு என் தேர்வு சில்லி ரெயேனோ. நீளப் பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, உள்ளே சீஸ் அடைத்து, மாவில் தோய்த்துப் பொரித்தது. மாவில் முட்டை இருக்கும் என்பதைக் கவனியுங்கள். இதைப் பார்த்ததும் நண்பன், "டேய், மிளகாய் பஜ்ஜிடா இது" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். உண்மைதான், மெரினாவில் வாங்குகிற பஜ்ஜியை இரண்டு பங்கு நீளமாக்கி உள்ளே சீஸ் வைத்ததுபோல. கூடவே கலபசீட்டாஸ், இளம் பூசணி வகைக் காயும் சோள முத்தும் பச்சை மிளகாயும் வதக்கியது, நம் பொரியலைப் போல வயிற்றுக்கு இதமானது. முட்டையும் வேண்டாம் என்றால் சீஸ் வைத்த நீலச் சோள என்சிலாடாவும் கலபசீட்டாஸும் சரியான சேர்க்கை.

சாப்பிடும் முறை

தட்டு சுடச்சுட வரும், பரிமாறுபவர் துணி பிடித்துக்கொண்டு வைப்பார், தொடாதீர்கள். முதல் வாயைக் குழம்பு மட்டும் தனியாக எடுங்கள். பிறகு தட்டை மாற்றி எதிரே இருப்பவரின் குழம்பு. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். முதலிலேயே எல்லாவற்றையும் பிசைந்துவிட்டால் எதன் ருசி எது என்றே தெரியாது.

நண்பன் முதலில் ரெட்டைக் கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்தான். ஒன்றும் பேசவில்லை. இன்னொரு கரண்டி. அப்புறம் என் தட்டில் இருந்த க்ரீனை எடுத்தான், திரும்ப ரெட்டுக்குப் போனான். "இதுல சீரகமே இல்ல" என்றான், கண்டுபிடித்துவிட்ட குரலில். அதற்குப் பிறகு டெக்சாஸ் பேச்சே எடுக்கவில்லை.

இனி சோப்பபீயா. தேன் பாட்டில் இதற்குத்தான். கோதுமை மாவைச் சதுரமாகவோ முக்கோணமாகவோ வெட்டி எண்ணெயில் போட, பூரி போலவே உப்பி, உள்ளே முழுக்க வெறும் காற்றாக வரும். கூடையில் துணி மூடி வைப்பார்கள், துணியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். ஒரு மூலையைக் கடித்து அல்லது கிள்ளி ஒரு துளை செய்யுங்கள். அந்தத் துளை வழியாகத் தேனை உள்ளே விட்டு, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துத் தேன் எல்லா மூலைக்கும் ஓட விடுங்கள். மேலே ஊற்றினால் கையெல்லாம் ஒட்டும், மேல்தோலின் மொறுமொறுப்பும் போய்விடும். சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும், ஆறிய பூரி எப்படியோ அப்படித்தான் இதுவும். வெளியூரில் இதைச் சர்க்கரை தூவிக் கடைசியில் இனிப்பாகத் தருவார்கள். இங்கே சாப்பாட்டோடு சாப்பாடாக வரும், தட்டில் மிச்சமிருக்கும் குழம்பை ஒரு துண்டால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த துண்டுக்குத் தேன் விடலாம். காரமும் தேனும் மாறி மாறிப் போகும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டுவேன்.

காரம் தாங்கவில்லை என்றால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவத்தான் செய்யும். பால், புளித்த க்ரீம், சீஸ் உதவும், பாலில் இருக்கும் புரதம் அந்தக் காரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். தேன் தடவிய சோப்பபீயாவும் நன்றாகவே கேட்கும். நாம் தமிழர்கள், காரம் நமக்குப் பழக்கம் என்று மார்தட்டிக்கொண்டு ஆரம்பிக்க வேண்டாம். நம் குழம்பில் காரத்தோடு புளியும் தேங்காயும் பருப்பும் சோறும் கலந்து வரும், இங்கே மிளகாய் தனியாக நின்று பேசும்.

கடைசியில் இடமிருந்தால் நாட்டியாஸ், பட்டை தூவிய முட்டைப் பால் கூழ். பிஸ்கோசீட்டோவும் இருக்கும், சோம்பும் பட்டையும் சேர்த்த பிஸ்கட், 1989 முதல் மாநிலத்தின் அதிகாரபூர்வ பிஸ்கட். சைவக்காரர்கள் கவனிக்க, பழைய செய்முறையில் இதிலும் பன்றிக் கொழுப்புதான்.

பேச்சு, பில், கிளம்புவது

அமெரிக்காவில் சாப்பிட்டு முடிப்பதற்குள் பில் வந்துவிடும், எழுந்து போ என்று அர்த்தமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம் என்று சொல்லி காபி வாங்கிக்கொள்ளுங்கள், பின்யோன் கொட்டை மணம் சேர்த்த காபி இருந்தால் அதுவே. நாங்கள் அன்று கணப்புப் பக்கம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். விடுதி மெஸ்ஸில் ஞாயிறு மதியம் தட்டு காய்ந்த பிறகும் எழாமல் பேசிக்கொண்டிருந்த பழக்கம், பதினைந்து வருடம் கழித்து மண் சுவருக்குள் அப்படியே திரும்பி வந்தது. அவன் அப்பாவின் உடல்நிலையைப் பற்றி போனில் ஒருமுறைகூடச் சொல்லாததை அன்று சொன்னான். ஆனால் வாசலில் ஆள் காத்திருந்தால் அவ்வளவு நேரம் உட்காராதீர்கள், குடும்பக் கடைக்கு அந்த மேசைதான் வருமானம்.

ஒரு தட்டு பெரும்பாலும் 15 முதல் 25 டாலருக்குள் அடங்கும். மெனுவில் போட்ட விலையில் வரி சேர்ந்திருக்காது. டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் வையுங்கள், பரிமாறுபவர்களின் சம்பளமே அதை நம்பித்தான். பிரித்துக் கட்டுவதானால் ஆர்டர் சொல்லும்போதே இரண்டு பில் என்று சொல்லிவிடுவது அவர்களுக்கு வசதி. ஊரில் இருப்பவர் கட்டுவதுதான் முறை என்று நான் நினைக்கிறேன், அதைத் தடுக்க நண்பன் கார்டை நீட்டினால் நாளைக் காலைச் சாப்பாடு உன் செலவு என்று சொல்லிச் சமாதானம் செய்யலாம்.

மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லுங்கள், இங்கே அது இயல்பான வழக்கம். ரொட்டி அடுக்கு ஊறிப்போகும், அதை முடித்துவிட்டுக் குழம்பையும் கறியையும் மட்டும் பெட்டியில் வாங்குங்கள். வாசலில் சிவப்பு மிளகாய்ப் பொடி விற்றால் ஒரு பை வாங்கி நண்பர் கையில் கொடுங்கள். சிமயோ மிளகாய்ப் பொடி கிடைத்தால் இன்னும் நல்லது, விலை கூடுதல், ஆனால் அந்தச் சின்ன ஊரில் வீட்டு விதையை வைத்தே தலைமுறையாகப் பயிரிடுவது அது. நம் மிளகாய்த்தூள் என்று நினைத்துச் சாம்பாரில் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள், பூண்டு வதக்கித் தண்ணீர் விட்டுக் காய்ச்சினால்தான் அதன் குணம் வெளியே வரும்.

மறுநாள் காலை நண்பன் எனக்கு முன்பே எழுந்து, பெட்டியில் இருந்த க்ரீனை வாணலியில் சூடாக்கி, அதிலேயே இரண்டு முட்டையை உடைத்து ஊற்றியிருந்தான். பக்கத்து அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. "மச்சான், ரெட் எங்க வச்ச?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.